காஸ்கல் அம்மையாரின் ‘வடக்கும் தெற்கும்’: ஊர்த்தேர்வும் உரிமையும்

பிழைப்புக்கு உரிய ஊரும் வாழ்வுக்கு உரிய ஊரும் ஒன்றாய் அமைதல் அரிது. கூலி மிகுந்த இடத்திலே காற்றுக் கெட்டிருக்கும்; காற்றும் நீரும் நல்லனவாயுள்ள இடத்திலே கைக்கு வேலை இராது. இவற்றுள் எதனைக் கொள்வது, எதனை விடுவது என்னும் வினா எந்நாட்டார்க்கும் பொதுவானதே. ஆயினும் இங்கிலாந்திலே அது ‘வடக்கா, தெற்கா’ என்னும் வடிவத்தைப் பெற்று, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக அந்நாட்டு மக்களின் பேச்சிலும் அரசியலிலும் இலக்கியத்திலும் நிலைபெற்று வந்துள்ளது. அவ்வினாவையே கருவாகக் கொண்டு எழுந்த நாவல்களுள் தலைசிறந்தது எலிசபெத் காஸ்கல் அம்மையார் இயற்றிய ‘வடக்கும் தெற்கும்’ என்பதாகும்.

சாள்ஸ் டிக்கின்ஸ் ஆசிரியராயிருந்து நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ என்னும் வார இதழில் 1854ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதல் 1855ஆம் ஆண்டு சனவரி வரை இந்நாவல் தொடராக வெளிவந்தது; 1855இலேயே நூலுருவும் பெற்றது. கதைத்தலைவியின் பெயரையே நூலுக்கு இட ஆசிரியை எண்ணியிருந்தார். ‘வடக்கும் தெற்கும்’ என்னும் பெயரைத் தந்தவர் டிக்கின்ஸ். அப்பெயர் நூலுக்குப் புகழைத் தேடித் தந்தது. அதனோடு ஒரு மயக்கத்தையும் தந்தது எனலாம். இரு நிலங்களையும் துலாக்கோலின் இரு தட்டுக்களில் வைத்து, ஈற்றில் ஒரு திருமணத்தினாலே சமன் செய்யும் கதை இது என்பதே பலர் கொண்டுள்ள கருத்து. அக்கருத்து முற்றிலும் பிழையன்று; ஆயினும் போதியதன்று. எந்த ஊர் நல்லது என்று கேட்கத் தொடங்கும் இந்நாவல், தன் உயர்ந்த பகுதியிலே, ஊரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வேறொரு வினாவைக் கேட்டுவிடுகின்றது. நூலின் பெருமையும் அதன் குறையும் இவ்விரண்டாம் வினாவை ஒட்டியே அறியப்படல் வேண்டும்.

இவ்விடயத்தை எழுதுதற்குக் காஸ்கல் அம்மையார் மிகத் தகுதியுடையவர். 1810இல் இலண்டனிற் பிறந்து, செஷயரிலுள்ள நட்ஸ்போட் என்னும் சிற்றூரில் வளர்ந்து, 1832இல் மதகுருவாகிய வில்லியம் காஸ்கலை மணந்து மன்செஸ்ரரிற் குடியேறியவர். பஞ்சாலைத் தொழிலாளரின் குடிசைகளை அவர் நேரிற் கண்டறிந்தவர். 1848இல் வெளியான ‘மேரி பார்ட்டன்’ என்னும் அவருடைய முதல் நாவல் அக்குடிசைகளின் துயரையே பொருளாகக் கொண்டது. 1853, 1854ஆம் ஆண்டுகளில் லங்காஷயரின் பிறெஸ்ரன் நகரில் நிகழ்ந்த நெடிய வேலைநிறுத்தம் ‘வடக்கும் தெற்கும்’ நாவலின் பின்னணியாயிற்று.

கதை வருமாறு: ஹம்ஷயரில் ஹெல்ஸ்ரோன் என்னும் வனப்புமிக்க ஊரின் குருவானவர் ஹேல் என்பார், திருச்சபையின் கோட்பாட்டில் எழுந்த ஐயத்தால் தம் பதவியைத் துறக்கின்றார். மனைவியோடும் மகள் மார்கரெற்றோடும் மில்ரன் என்னும் வடநாட்டு ஆலைநகருக்குச் சென்று ஆசிரியத்தொழில் செய்கின்றார். மன்செஸ்ரரே கதையில் மில்ரன் எனப் பெயர் பூண்டுள்ளது. ஆலைமுதலாளியாகிய தோண்ரன் அவரிடம் பாடங் கேட்கும் மாணவர். மார்கரெற் அவரோடு முரண்பட்டும், ஹிக்கின்ஸ் என்னும் தொழிலாளியோடும் அவன் மகள் பெசியோடும் நட்புப் பூண்டும் வடநாட்டைக் கற்றுக்கொள்கின்றாள். வேலைநிறுத்தமும் மரணங்களும் பல நிகழ்ந்தபின், முதலாளியும் மார்கரெற்றும் ஒன்றுசேர்கின்றனர்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு மாந்தர் ஒழுக்கத்தை அவற்றோடு இயைத்துக் காண்பது தமிழ்ப் பொருளிலக்கண மரபு. அம்மரபிற் பயின்றவர்க்கு இந்நாவலின் தொடக்கம் பழகிய ஒன்றாகவே தோன்றும். தெற்கு என்றால் சோலை, ரோசாச் செடி, அமைதி. வடக்கு என்றால் புகை, இரைச்சல், விரைவு. ஆனால் ஆசிரியை இவ்வியைபை அமைத்துவிட்டுத் தாமே படிப்படியாகக் குலைக்கின்றார். ஹெல்ஸ்ரோனில் வாழ்ந்த காலத்திலே அவ்வூர்க் காற்றுத் தம் உடலுக்கு ஒவ்வாதெனக் குறைகூறிய ஹேல் அம்மையார், மில்ரனுக்கு வந்தபின் அவ்வூரையே நினைந்து ஏங்குகின்றார். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது அவர் திறத்தில் மெய்யாகின்றது. பின்னர் மார்கரெற் ஹெல்ஸ்ரோனுக்கு மீண்டு செல்லும்போது, மூடநம்பிக்கையினால் அயலாளின் பூனையை உயிரோடு சுட்ட கிழவியின் செய்தியை அங்கே கேட்கின்றாள். சோலையூரின் அமைதிக்குள்ளே கொடுமையும் உறைந்திருத்தலை ஆசிரியை மறைத்தாரல்லர்.

வாழ்க்கைச் செலவு பற்றிய நுண்செய்திகளும் நோக்கற்பாலன. ஹேல் குடும்பத்தார் ஆண்டுக்கு 30 பவுண் வாடகையில் மில்ரனில் வீடு தேடுகின்றனர். ஹம்ஷயரிலே அத்தொகைக்கு விசாலமான வீடும் தோட்டமும் கிடைத்திருக்கும்; மில்ரனிலோ வேண்டிய அறைகளுடைய வீடொன்று கிடைப்பதே அரிதாயிற்று. வீட்டுவேலைக்கு ஒரு பெண்ணை அமர்த்தவும் அவர்களால் இயலவில்லை. ஆலையிலே கூலியும் கூடுதல், மாலைக்குமேல் விடுதலையும் உண்டு. அவ்வாறிருக்கப் பிறர் வீட்டில் ஏவல் கேட்க எப்பெண் விரும்புவாள்? வீட்டுக்காரிக்கு இடராய் முடியும் இச்செய்தி ஏழைப்பெண்ணுக்கு உயர்வாய் முடிதலைக் காண்க. ஒரே ஊரின் ஒரே இயல்பு ஒருவருக்கு நலமாகவும் ஒருவருக்குக் கேடாகவும் அமைகின்றது. ஆதலின் ஊரின் வாழ்க்கைத்தரம் என்று ஒன்றைக் கூறுமுன், யாருடைய வாழ்க்கை என்று கேட்டல் வேண்டும்.

அவ்வுயர்வின் விலையையும் ஆசிரியை மறவாது கூறுகின்றார். பஞ்சைச் சிக்கெடுக்கும் அறையிலே பறக்கும் தும்பு பெசியின் நெஞ்சில் நிறைந்து அவளைக் கொல்கின்றது. தும்பை வெளியே இழுக்கும் சக்கரத்தைச் சில ஆலைகள் பொருத்தியிருந்தன. அதற்கு ஐந்நூறு அறுநூறு பவுண் செலவாகும், வருவாய் ஒன்றுமில்லை என்பதனால் முதலாளிகள் பலர் அதனை விரும்பவில்லை. அதனினும் நெஞ்சை உறுத்துவது பெசி கூறும் மற்றொரு செய்தி. தும்பை விழுங்கிப் பழகிய தொழிலாளர் சிலர், சக்கரம் உள்ள இடத்தில் வேலை செய்தால் பசி மிகுகின்றது, அதற்கேற்பக் கூலியைக் கூட்டுதல் வேண்டும் என்றனராம். கூலிக்கும் உயிருக்கும் இடையே அவர்கள் பட்ட பாட்டினை இதனினும் சுருங்கக் கூறல் இயலாது.

மார்கரெற்றும் தோண்ரனும் தொடக்கத்தில் நிகழ்த்தும் வாதம் பெரும்பாலும் ஊர்ப்பெருமை பற்றியதே. தெற்கின் மந்தமான வளவாழ்விலும் வடக்கின் முயற்சியும் அதன் இன்னலுமே மேல் என்பது தோண்ரனின் துணிபு. தெற்கிலும் ஏழைகள் உண்டாயினும், அநீதிக்கு ஆளானோம் என்னும் கடுகடுப்பு அவர் முகத்தில் இல்லை என்பது மார்கரெற்றின் மறுப்பு. நீர் தெற்கை அறியீர் என்கின்றாள் இவள். நீரும் வடக்கை அறியீர் என்கின்றார் அவர். இருவர் கூற்றும் ஒருவகையில் உண்மை. ஆனால் இருவரும் இரண்டு வேளை உணவுக்குக் கவலையில்லாதவர். ஊரைப் பற்றிய வாதம் அவர்களுக்குத் தேநீர் மேசையின் உரையாடலேயன்றி உயிர்ப்பிரச்சினையன்று.

அது உயிர்ப்பிரச்சினையாகும் இடம் பின்னர் வருகின்றது. வேலைநிறுத்தம் முறிந்தபின், பூச்சர் என்னும் தொழிலாளி மனமுடைந்து நீரில் வீழ்ந்து இறக்கின்றான். அவனுடைய பிள்ளைகளைத் தாங்கும் பொறுப்பை ஹிக்கின்ஸ் ஏற்கின்றான். சங்கத்தைக் கைவிட அவன் இசையாமையால் ஆலைக்கதவுகள் அவனுக்கு அடைபட்டுள்ளன. இந்நிலையில் அவன் மார்கரெற்றிடம் வந்து, தெற்கே சென்று வேலை தேட வழிசெய்யுமாறு கேட்கின்றான். அங்கே உணவு மலிவு, கூலி நன்று, செல்வரும் வறியரும் நட்பாய் வாழ்வர் என்பது அவன் எண்ணம். அவ்வெண்ணம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? நோயுற்ற பெசிக்கு ஆறுதலாக மார்கரெற் தன் ஊரைப் புனைந்து கூறிய சொற்களிலிருந்தே வந்தது. ஏக்கத்திற் பிறந்த வருணனை வேலையற்றவன் செவியிலே தொழிற்செய்தியாய் மாறிவிட்டது. தன் சொல்லை நம்பி ஒருவன் குடிபெயரத் துணியும்போதுதான், அச்சொல் எவ்வளவு உண்மை என்று மார்கரெற் முதன்முறையாகத் தன்னையே வினவுகின்றாள்.

அவள் கூறும் விடை நாவலின் மிகச் சிறந்த பகுதி. தெற்கிலே வயற்கூலி வாரத்திற்கு ஒன்பது சிலிங், மிஞ்சினால் பத்து; உணவு விலையோ பெரிதும் இங்குள்ளது போன்றதே; எக்காலத்தும் வெளியிலே நின்று உழைத்தல் வேண்டும்; அவன் வயதில் அது வாதநோயைக் கொண்டுவரும்; யாவற்றினும் மேலாக, பேச்சும் சிந்தனையுமற்ற அவ்வாழ்வின் மந்தம் அவனைத் துருப்போல அரித்துவிடும் என்கின்றாள். ஹிக்கின்ஸ் நெடிதெண்ணி, இரு திசைக்கும் அதனதன் துயர் உண்டென முடிவு கட்டுகின்றான். தெற்கிலே வேலை நிலையானது, கூலி பட்டினிக்கூலி. வடக்கிலே ஒரு காலத்தில் பணம் குவியும், மறுகாலத்திற் செப்புக்காசும் இராது. தொழிலாளி ஒருவன் ஊர்களை ஒப்பிடும் அளவுகோல் இதுவே: கூலியின் அளவு ஒன்று, கூலியின் நிலைபேறு மற்றொன்று.

மார்கரெற் கூறிய கணக்கு கற்பனையன்று. 1850, 1851ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் வேளாண்மையை ஊர்தோறும் ஆராய்ந்த ஜேம்ஸ் கெயாட், வடபகுதி மாவட்டங்களில் வயற்கூலி வாரத்திற்குச் சராசரி 11 சிலிங் 6 பென்சு எனவும், தென்பகுதியில் 8 சிலிங் 5 பென்சு எனவும் கணக்கிட்டார். ஆலைகளும் சுரங்கங்களும் அண்மையில் இருத்தலே வடக்கின் உயர்வுக்குக் காரணம் என்பதும் அவர் கண்ட முடிவு. மண்ணின் வளத்தால் அன்று, வேலையாளுக்குப் போவதற்கு வேறோர் இடம் இருந்தமையால் கூலி உயர்ந்தது என்க. மறுபுறத்தே, 1842இல் எட்வின் சட்விக் வெளியிட்ட சுகாதார அறிக்கை வேறொரு கணக்கைக் காட்டுகின்றது. மன்செஸ்ரரில் தொழிலாளர் குடும்பத்தாரின் சராசரி இறப்பு வயது 17. உயர்குடியினரின் வயது 38. நாட்டுப்புறமாகிய ரட்லண்டில் தொழிலாளர் வயதே 38. குழந்தை இறப்பு மிகுதியால் இவ்வெண்கள் இத்துணைத் தாழ்ந்தன. எனினும் நாட்டுப்புறக் கூலியாளும் மன்செஸ்ரர்ச் செல்வனும் ஒரே அளவு ஆயுள் பெற்றனர் என்னும் செய்தி, கூலியை மட்டும் எண்ணி ஊரைத் தேர்வோர் மறக்கத்தக்கதன்று.

இனி நூலின் குறைகளைக் கூறுதல் வேண்டும். முதலாவது, தென்னாட்டு உழவனைப் பற்றி மார்கரெற் கூறுவதில் பாதியே உண்மை. அவன் குறைந்த கூலி பெற்றான் என்பது உண்மை. அவன் சிந்தனையற்றுத் தேங்கிக் கிடந்தான் என்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. 1830இல் தென்மாவட்டங்களில் உழவர் கிளர்ந்தெழுந்து கதிரடிக்கும் பொறிகளை உடைத்தனர். மார்கரெற்றின் ஹம்ஷயர் அக்கிளர்ச்சியின் களங்களுள் ஒன்று. அதன் முடிவில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 500 பேருக்கு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. 1834இல் டோர்செற்றின் டொல்படில் என்னும் சிற்றூரில், கூலிக்குறைப்பை எதிர்த்துச் சங்கம் அமைத்த உழவர் அறுவர் அவுஸ்திரேலியாவுக்குக் கடத்தப்பட்டனர். தென்னாட்டு உழவனின் மௌனம் இயற்கையின் மந்தமன்று; பெரும்பகுதி அச்சத்தின் விளைவு. குருவானவரின் மகள் அம்மௌனத்தை அமைதி என்று முதலில் நினைத்தாள். பின்னர் மந்தம் என்று நினைத்தாள். அதற்குள்ளே ஒரு வரலாறு உண்டென்பது அவளுக்கும் புலப்படவில்லை, நூலுக்கும் புலப்படவில்லை. வடக்கே ஹிக்கின்ஸுக்குப் பேச வாயளித்த ஆசிரியை, தெற்கே அவனுக்கு இணையான ஒருவனைப் படைக்காது விட்டமை பெருங்குறையே.

இரண்டாவது குறை தேர்வின் உரிமை பற்றியது. அக்கால வறியோர் சட்டப்படி, வறுமையுற்றவன் தனக்கு உரித்தான கோயிற்பற்றிலேயே உதவி பெறுதல் வேண்டும். வேற்றூரில் நலிந்தால் அவனைத் திருப்பி அனுப்பவும் சட்டம் இடந்தந்தது. ஆகவே ஏழைக்கு ஊர்மாறுதல் பெரும் பணயமாகும். மார்கரெற்றோ இலண்டனிலும் ஹெல்ஸ்ரோனிலும் மில்ரனிலும் மாறி மாறி வாழ்கின்றாள். தந்தையின் நண்பராகிய பெல் என்பாரின் மரணசாசனத்தால் மில்ரனிலேயே பெருஞ்சொத்துக்கு உடையவளாகின்றாள். தோண்ரனின் ஆலை நொடிந்தபோது, வங்கியிலே வாளா கிடந்த 18,057 பவுணை அவருக்குக் கடனாகத் தர முன்வருகின்றாள். வடக்கும் தெற்கும் இணைவது அப்பணத்தின் மீதே. ஹிக்கின்ஸ் தன் ஊரிலே தங்கியது வாதத்தில் தோற்று. மார்கரெற் அவ்வூரைத் தேர்ந்தது முதுசத்தின் வலிமையால். இவ்வேறுபாட்டை ஆசிரியை எடுத்துக்காட்டியிருந்தால் நூல் இன்னும் உயர்ந்திருக்கும். தொழிலாளரும் முதலாளியும் ஒரே உணவறையில் அளவளாவுதலே தீர்வு என அவர் அமைந்துவிட்டார்.

ஆசிரியையின் வாழ்வும் ஈண்டு நினையத்தக்கது. மன்செஸ்ரரின் புகையும் ஓயாப் பணியும் அவரை நலித்தன. எழுத்தால் ஈட்டிய பொருளைக் கொண்டு, கணவருக்கும் அறிவியாது, ஹம்ஷயரில் ஹொலிபோர்ன் என்னும் ஊரில் அவர் ஒரு வீட்டை வாங்கினார். கணவர் ஓய்வு பெற்றதும் அங்கே வாழலாம் என்பது அவர் எண்ணம். 1865 நவம்பர் மாதத்தில் அவ்வீட்டிலேயே திடீரென உயிர்நீத்தார். கணவரோ மன்செஸ்ரரில் தம் பணியைத் தொடர்ந்து 1884இல் மறைந்தார். வடக்கின் மாண்பை நாவலில் நிலைநாட்டியவர் தம் முதுமைக்குத் தெற்கைத் தேர்ந்தமை முரண்பாடன்று. உழைக்கும் காலத்துக்கு ஓர் ஊரும் ஓய்வுக்கு ஓர் ஊரும் என்று பிரித்துக் கொள்ள அவருக்குக் கைப்பொருள் இருந்தது, ஹிக்கின்ஸுக்கு இல்லை. அவ்வளவே.

நாவலுக்குப் பின் வந்த வரலாறு ஹிக்கின்ஸின் அளவுகோலையே மெய்ப்பித்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்துக் குன்ற, லங்காஷயர் பட்டினியில் வாடியது. பிரித்தானியப் பருத்தித்துணி ஏற்றுமதி 1913இல் ஏறத்தாழ 700 கோடி யாராக உயர்ந்து, 1938இல் அதன் நாலிலொரு பங்குக்கும் குறைந்தது. 1835ஐ அடுத்த ஆண்டுகளில், தென்னாட்டு வறியோரை வடக்கின் ஆலைகளுக்கு அனுப்ப வறியோர் சட்ட ஆணையாளர் முகவர்களை நியமித்தனர். 1928இலோ, வடக்கிலும் வேல்ஸிலும் வேலையிழந்தோரைத் தெற்குக்கும் நடுநாட்டுக்கும் அனுப்ப அரசு தனிச்சபை ஒன்றை அமைத்தது. நூறாண்டு நிறையுமுன் திசை தலைகீழாயிற்று. அனுப்பப்படுவோர் மட்டும் அதே குலத்தினர். ஜே. பி. பிறீஸ்லி 1934இலும் ஜோர்ஜ் ஓவெல் 1937இலும் தம் பயண நூல்களில் வரைந்த வடக்கு, தோண்ரன் பெருமையோடு பேசிய வடக்கன்று; ஆலைகள் அவிந்த வடக்கு.

இக்காலத்தில் வினா மீண்டும் உருமாறியுள்ளது. மில்ரனில் வீடு அரிது, ஹம்ஷயரில் மலிவு என்ற ஹேல் குடும்பத்தாரின் கணக்கு இன்று முற்றிலும் மாறிவிட்டது. இலண்டனில் ஒரு வீட்டின் விலை ஓராண்டு வருவாயைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். வடகிழக்கில் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அரச மருத்துவமனைத் தாதிக்கும் அரசாங்கப் பாடசாலை ஆசிரியருக்கும், இலண்டனையும் அதன் அயலையும் நீக்கி, நாடெங்கும் பெரும்பாலும் ஒரே ஊதியத்திட்டமே உண்டு. அவர்களுக்கு வடக்கு விசாலமான வீட்டைத் தரும். ஆனால் சிறப்புத் தொழில்களில் உயர்பதவிகள் தென்கிழக்கிலேயே குவிந்துள்ளன. நோயின்றி வாழும் ஆண்டுகளிலும் தென்கிழக்கு வடகிழக்கை விஞ்சி நிற்கின்றது. இலண்டனிலிருந்து மன்செஸ்ரரை எட்டவிருந்த அதிவேகப் புகையிரதப் பாதை பேர்மிங்காமோடு நிறுத்தப்படும் என்று 2023 ஒக்ரோபரில் அறிவிக்கப்பட்டது. அவ்வறிவித்தல் மன்செஸ்ரரிலேயே செய்யப்பட்டது. தெற்கில் வீட்டை விற்றவர் வடக்கில் எளிதாக வாங்கலாம். வடக்கில் விற்றவர் தெற்கில் வாங்கல் அரிது. மார்கரெற்றின் வங்கிப் பணம் இன்று வீட்டு விலையாய் உருக்கொண்டு, ஒரு திசைக்கே வழி திறக்கின்றது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், ‘வடக்கும் தெற்கும்’ நாவலின் மதிப்பு அது காட்டும் சமரசத்தில் இல்லை என்பது புலனாகும். புகையூருக்கும் சோலையூருக்கும் நடுநிலை வகுத்தல் கடினமன்று; பயணிகள் பலர் அதனைச் செய்துள்ளனர். தன் ஊரைப் புகழ்ந்த பெண்ணொருத்தி, அப்புகழை நம்பி வந்த ஏழையின் முன்னே, வாரக்கூலி எத்தனை, இறைச்சி எத்தனை வேளை, வேலை எத்தனை மாதம் என்று எண்ணிச் சொல்லக் கடமைப்பட்ட அந்த ஓர் அதிகாரமே நூலை வாழவைக்கின்றது. ஊர்களைப் பற்றிப் பேசுவோர் பலர். அப்பேச்சுக்குப் பொறுப்பேற்போர் சிலர். அப்பொறுப்பை நாவல் என்னும் இலக்கிய வகைக்குக் கற்பித்த வகையிலே காஸ்கல் அம்மையாரின் இடம் உறுதியானது. தென்னாட்டு உழவனைப் பேசவிடாத குறையும், முதுசத்தால் முடிச்சவிழ்த்த குறையும் அவ்விடத்தைக் குறைக்கமாட்டா. அவர் தொடங்கிய கணக்கு இன்னும் முடியவில்லை என்பதையே அவை உணர்த்துகின்றன.